கிள்ளிய தாள்

வெள்ளையனை அவருடைய மலையிலிருந்து இறக்கியவன் நான். பஞ்சம் இறக்கவில்லை, பகை இறக்கவில்லை... நான்! ஒரு வங்கிக் கிளையை இலாபத்தில் காட்டுவதற்காக அதைச் செய்தேன். தெரிந்தே செய்தேன்.

இன்று 1985 டிசம்பர் 31, செவ்வாய்க்கிழமை. காலையில் எழுந்ததும் வழக்கம்போல் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்தேன். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது, குறிப்பெழுத உதவும் என்று இழுப்பறையில் மற்ற தாள்களோடு சேர்த்து அடுக்கினேன். குளித்தேன். இரண்டு பேனாக்களுக்கும் மை நிரப்பினேன். ஒன்றில் நீலம், ஒன்றில் சிவப்பு. வேலூர் வட்டார அலுவலகத்துக்குச் சைக்கிளில் போனேன். வங்கிகள் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாள். கிளைகளிலிருந்து இலாப நட்டம் தொலைபேசியில் வந்தது. லைன் கிடைக்காத கிளைகளிலிருந்து தந்தியில் வந்தது. கூட்டினேன், சரிபார்த்தேன். நாலு மணிக்கு அலுவலகச் செலவில் போண்டாவும் காப்பியும் வந்தன.

போண்டாவைக் கையில் வைத்துக்கொண்டே வட்டார மேலாளர் என் மேசைக்கு வந்தார். புதிதாகச் சேர்ந்த அதிகாரிகளுக்கு நாளை மறுநாள் நான் வகுப்பெடுக்க வேண்டுமாம். தலைப்பை அவரே எழுதி வைத்திருந்தார்: கிராமக் கிளைகளின் இலாபத்தைத் தீர்மானிக்கும் காரணிகள்.

"ஜவ்வாது மலைக் கிளையை நட்டத்துலேர்ந்து தூக்கி நிறுத்தினவர் நீங்கதானே? அந்த வித்தையக் கொஞ்சம் பசங்களுக்கும் சொல்லிக் குடுங்க சார்" என்றார்.

நான் சிரித்தேன். தலையாட்டினேன்.

வித்தை!

நீங்களும் ஏதோ ஒரு வங்கியில் கொஞ்சம் பணம் போட்டு வைத்திருப்பீர்கள். அதற்கு வட்டி வருகிறது. அந்த வட்டி எங்கிருந்து வருகிறது என்று என்றைக்காவது கேட்டதுண்டா? நான் கேட்டதுண்டு. பதிலும் எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். எனக்கு முன்னால் உட்காரப்போகும் அந்த இளைஞர்களிடம் சொல்லும் தைரியம் எனக்கு இருக்குமா என்று தெரியவில்லை.

1978-இல் என்னை மலைக் கிளைக்கு மேனேஜராக அனுப்பினார்கள். ஓடு வேய்ந்த ஒரு கட்டடம். நான், ஒரு கிளார்க், கலசப்பாக்கத்திலிருந்து வந்த முனுசாமி என்ற பியூன். அவ்வளவுதான் கிளை.

அந்தக் கிளை ஏன் நட்டத்தில் ஓடியது என்பதை ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும். வங்கிக்கு முதல் தேவை டெபாசிட். மலையில் யாரும் பணமாகச் சேர்த்து வைப்பதில்லை. ஆடாக வைப்பார்கள், சாமையாக வைப்பார்கள், புளியாக வைப்பார்கள். ஆசிரியர்களின் சம்பளம் மட்டும் எங்களிடம் வரும், வந்த வேகத்தில் போகும். கடனோ ஏழைகளுக்குச் சலுகை வட்டியில் கொடுத்தது. மழை தப்பினால் சாமை இல்லை. மழை பெய்து புளி நன்றாகக் காய்த்தால் போளூர் மண்டிக்காரர்கள் விலையை இறக்கிவிடுவார்கள். இதில் எங்கிருந்து வரும் இலாபம்?

ஆனால் எனக்கு இலாபம் வேண்டும். நட்டக் கிளையின் மேனேஜருக்கு மாற்றல் கிடைக்காது. என் மனைவி பிள்ளைகளோடு போளூரில் இருந்தாள். மலைக்குளிர் அவளுடைய மூச்சிரைப்புக்கு ஆகாது. மூன்றாவது ஆண்டில் நான் இறங்கியே ஆக வேண்டும் என்ற ஒரே நினைப்பில் இருந்தேன்.

அப்போதுதான் மலைக்காரர்கள் வாங்கிய பழைய கடன்களின் புரோநோட்டுகள் காலாவதி ஆகவிருந்தன.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கடன் வாங்குகிறவர் கைநாட்டு வைத்துத் தரும் புரோநோட்டுக்கு ஆயுள் மூன்றாண்டு. அதற்குள் புது நோட்டில் மறுபடி கைநாட்டு வைக்காவிட்டால் சட்டப்படி அந்தக் கடன் செத்துப்போகும். வாராக்கடன் என்று எழுதி இலாபத்தில் கழிக்க வேண்டும். புதுப்பித்துவிட்டால் கதையே வேறு. பழைய அசலையும் ஏறிய வட்டியையும் கூட்டிப் புது நோட்டில் எழுதுவோம். பழைய கடன் வசூல் ஆகிவிட்டதாகக் கணக்கு. வட்டி வருமானமாகக் கணக்கு. உண்மையில் ஒரு காசு நகர்ந்திருக்காது! ஆனால் கிளை இலாபத்தில் நிற்கும்.

1980 டிசம்பரில் ஊர் ஊராகச் சொல்லி அனுப்பினேன். யாரும் வரவில்லை. வெள்ளையன் மட்டும் வந்தார்.

அவருக்கு என் வயதுதான் இருக்கும். பக்கத்து ஊர்த் தலைவர், பெரியதனக்காரர் என்பார்கள். சொந்தமாகப் புளிய மரங்கள் வைத்திருந்தார். சோடி மாடு வாங்கக் கடன் எடுத்து, ஒரு மாடு செத்து, மற்றொன்றை விற்றுச் சாப்பிட்டிருந்தார். அன்று அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். இன்று எழுதும்போது கை 'அவர்' என்று எழுதுகிறது. இது மரியாதையா, பயமா... எனக்கே தெரியவில்லை.

புது நோட்டை நீட்டினேன். அவர் பெருவிரலை மடக்கிக்கொண்டார்.

"ஒரு கடனுக்கு ரெண்டு கைநாட்டா? இன்னா சார் நாயம் இது? மாடு ஒண்ணுதான் செத்துச்சி, கடன் ரெண்டு குட்டி போட்டுச்சா?"

வெளியே வேடிக்கை பார்த்து நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல். விதிப்படி பழைய நோட்டில் குறுக்கே கோடிட்டு 'ரத்து' என்று எழுத வேண்டும். எழுத்துத் தெரியாத மனிதருக்குக் கோடு எதைச் சொல்லும்? பழையது இனி செல்லாது என்று அவருக்குக் கண்ணால் காட்ட நினைத்தேன். அந்த நோட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேரே இரண்டாகக் கிழித்தேன்.

"இதோ, தாள் கிழிஞ்சாச்சு. பழசு முடிஞ்சுது. போதுமா?"

கைநாட்டு இருந்த பாதியை அவரிடம் கொடுத்தேன். மற்ற பாதியைக் கோப்புக்கு வைத்துக்கொண்டேன்.

வெள்ளையனின் முகம் மாறியதை எப்படிச் சொல்வேன்! இரண்டு கைகளாலும் அந்தத் துண்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெளியே சிரிப்பு நின்றுவிட்டது. மறுபேச்சுப் பேசாமல் மைப்பெட்டியில் விரலை அழுத்திப் புது நோட்டில் வைத்தார். விரலைச் சுவரில் துடைத்துவிட்டு எனக்கு ஒரு கும்பிடு போட்டார். போய்விட்டார்.

முனுசாமி வாயைப் பொத்திக்கொண்டு நின்றான்.

"சார், தெரிஞ்சுதான் பண்ணீங்களா?"

"என்னய்யா பண்ணேன்?"

"தாள் கிள்ளிக் குடுத்துட்டீங்களே! கடனத் தீத்துட்டீங்க போங்க. ஹெட் ஆபீசுக்குத் தந்தி அடிச்சிடட்டுமா?"

எனக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான்.

"இவங்க ஊர்ல கடன் தீந்தா, பங்காளிச் சண்ட தீந்தா, ஒரு சாமைத் தாள எடுத்து ரெண்டாக் கிள்ளுவாங்க சார். இவுருக்குப் பாதி, அவுருக்குப் பாதி. பாதிய வூட்டுக் கூரையில சொருகி வெச்சுட்டா தீந்தது தீந்ததுதான். அப்பறம் அதப் பத்தி யாரும் வாயத் தொறக்கக் கூடாது. கூட நின்னு பாத்தவன்தான் அதுக்குப் பொறுப்பு."

"அவன் புது நோட்டுல கைநாட்டு வெச்சானே?"

"அது தாள் கிள்ளினதுக்கு சாட்சின்னு நெனச்சினு வெச்சாரு."

"சரி... யாராச்சும் மறுபடி கடனக் கேட்டா?"

"அந்தப் பாதியத் திருப்பிக் குடுத்துடுவாங்க. 'இன்னும் தீரல, இனிமே இது உன் தலமேல'ன்னு அர்த்தம். ஆனா நான் வந்து இத்தினி வருசத்துல யாரும் அப்பிடிக் குடுத்துப் பாக்கல சார்."

அவர்களுக்குச் சாமைத் தட்டை தாள். எனக்குக் காகிதம் தாள். ஒரே சொல்.

சன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளையன் இன்னும் எதிரே டீக்கடையில்தான் இருந்தார். நாலு பேருக்கு அந்தத் துண்டைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் எழுந்து போயிருக்கலாம். 'வெள்ளையா, நீ நினைக்கிறது தப்பு. கடன் அப்படியே இருக்குது' என்று சொல்லியிருக்கலாம். பத்துத் தப்படி நடக்க வேண்டும். அவ்வளவுதான்!

நடக்கவில்லை. கடன் தள்ளுபடி என்ற பேச்சு எங்கும் அடிபட்ட காலம் அது. அவர்கள் நம்புவதற்கு என் உதவியே தேவைப்படவில்லை. நான் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும். உட்கார்ந்திருந்தேன்.

முதல் தாளை அறியாமல் கிழித்தேன். அதற்காக நான் இதை எழுதவில்லை. மறுநாள் வெள்ளையனே முன்னால் நடந்து, தன் ஊராரை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்தார். "வாங்கடா, சாரு தாள் கிள்றாரு! கூச்சப்படாத வைங்கடா கைய!" என்று வாசலில் நின்று அதட்டினார். அன்று நான் கிழித்த ஒவ்வொரு தாளையும் அறிந்தே கிழித்தேன். நடுவில் கிழித்தேன், நேராகக் கிழித்தேன். பாதியை இரண்டு கைகளாலும் கொடுத்தேன். அப்படிக் கொடுத்தால் அவர்களுக்குப் பிடிக்கிறது என்று முதல் நாளே கற்றுக்கொண்டிருந்தேன்.

ஒரு பெண் வந்தாள். குப்பு என்று பெயர். "எம்புருசன் செத்துட்டான். அவன் கடனுக்கு நான் வெச்சா செல்லுமா சார்?" என்று கேட்டாள்.

"செல்லும்" என்றேன்.

அவள் செத்தவனின் கடனைத் தன் பெயருக்கு வாங்கிக்கொண்டு, தீர்ந்தது என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். இதை நான் யாரிடம் சொல்வது... சொல்லுங்கள்!

மாலையில் பார்த்தேன். மேசைக்குப் பக்கத்துச் சுவர் முழுக்க ஊதா நிறத்தில் விரல் தேய்த்த கறைகள். முனுசாமி சுண்ணாம்பு அடித்தான். இரண்டு முறை அடித்தும் போகவில்லை.

அந்த ஆண்டு மலைக் கிளை முதன்முறையாக இலாபம் காட்டியது. பாராட்டுக் கடிதம் வந்தது. 1981-இல் போளூர்க் கிளைக்கு மாற்றலும் வந்தது.

இரண்டாண்டு எதுவும் நடக்கவில்லை. நான் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஒப்புக்கொள்வது என்று வந்த பிறகு பாதியை மறைப்பதில் அர்த்தமில்லை.

1983-இல் ஒரு முற்பகல், போளூர்க் கிளையில் கூட்டம் குறைந்திருந்த நேரம். வெள்ளையன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். இடுப்புத் துணியின் முடிச்சை அவிழ்த்து அந்தப் பாதித் தாளை எடுத்து மேசையில் வைத்தார். கூரையில் சொருகி, அடுப்புப் புகை ஏறி, புளியங்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது.

"புது மேனேஜரு எல்லா வூட்டுக்கும் நோட்டீசு அனுப்பினுகிறாரு சார். கடன் அப்பிடியே இருக்குது, வட்டி ஏறிக்கினே போவுதுன்றாரு. நீங்க தாள் கிள்ளிக் குடுத்தீங்கன்னு நான் சொன்னா சிரிக்கிறாருங்க."

நான் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன். சட்டப்படி அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

"நான் கிழிச்சது பழைய நோட்டு வெள்ளையா. நீ கைநாட்டு வெச்சது புது நோட்டு. கடன் புது நோட்டுல இருக்குது."

அவர் அந்தத் தாளை விரலால் நேராக்கினார். பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"அன்னிக்கே ஒங்களுக்கு இது தெரியுங்களா சார்?"

நான் டீ சொல்லி அனுப்பினேன். அதுதான் என் பதில்!

டீ வந்தது. அவர் குடிக்கவில்லை.

"சரிங்க. என் பேச்சக் கேட்டுதான் அத்தினி பேரும் வெச்சாங்க. கூட நின்னு பாத்தவன் நானு. எல்லார் கடனையும் நானே கட்டிக்கிறேன். பணத்துக்காவ நான் வரல சார். ஊர்ல என்னைப் பொய்க்காரன்றாங்க. பேங்குகாரன்கிட்ட காசு வாங்கினு ஊர வித்துட்டேன்றாங்க. வர்ற ஞாயித்துக்கெழம ஊர் கூடுது. நீங்க ஒரே ஒரு தரம் மேல வாங்க. 'வெள்ளையன் பொய் சொல்லல, நான்தான் தாள் கிள்ளினேன்'னு சொல்லிட்டுப் போய்டுங்க. அது போதும்."

"வர்றேன்" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. இப்போதும் அவர் என்னை நம்பினார்!

"அப்ப சாப்பாடு எங்க வூட்லதாங்க. சாமச்சோறும் மொச்சக்கொழம்பும். மூணு வருசம் மேல இருந்தீங்க, ஒருநாளும் எங்க வூட்ல கை நனைக்கலியே நீங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போளூர் பஸ் நிலையத்துக்குப் போனேன். போகவேண்டும் என்றுதான் போனேன். இதை நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. நின்றுகொண்டே யோசித்தேன். ஊர்க் கூட்டத்தில் நான் சொல்லும் சொல் நாளைக்குப் புது மேனேஜரிடம் போகும். அவர் மேலே எழுதுவார். ஏமாற்றி வாங்கிய கைநாட்டு என்றால் அத்தனை நோட்டும் செல்லாது. காட்டிய இலாபமும் பொய். வேலூருக்கு எனக்குப் பதவி உயர்வு பேசிக்கொண்டிருந்த சமயம்...

மலை பஸ் வந்தது. மூட்டைகளும் கோழிகளும் ஏறின. கண்டக்டருக்கு என்னைத் தெரியும்.

"இன்னா சார், மலைக்கா? ஏறுங்க, சீட்டு இருக்குது."

"இல்லப்பா. வேற ஒருத்தருக்காக நிக்கிறேன்" என்றேன்.

பஸ் போய்விட்டது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மடித்து வைத்தேன். அன்றைய நாட்குறிப்பில் 'ஞாயிறு. ஓய்வு' என்று எழுதினேன்.

சில மாதம் கழித்து முனுசாமி என்னைப் பார்க்க வந்தான். எப்போதும் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவன், அன்று நின்றுகொண்டே பேசினான்.

"பொழுது சாயற வரிக்கும் ஊர் உக்காந்துனு இருந்துச்சி சார். ஒவ்வொரு பஸ்ஸு வர்றப்பவும் அவுரு ரோட்டுக்கு ஓடினாரு. கடைசி பஸ்ஸும் வந்துச்சி. அவுரு வூட்டம்மா ஒங்களுக்குன்னு ஆக்கின சோத்த ஆட்டுக்கு வெச்சாங்க."

அவனே தொடர்ந்தான்.

"புளிய மரத்த எல்லாம் இங்க மண்டிக்காரருக்கு எழுதிக் குடுத்துட்டாரு. இன்னும் பல வருசத்துக்குக் காய்க்கறதெல்லாம் அவுருக்குத்தான். அந்தப் பணத்துல அத்தினி பேரு கடனும் அடைச்சாச்சு. ரசீத வூடு வூடாப் போய்க் குடுத்தாரு. வாங்கிக்கினாங்க, பேசல. ஒரு வூட்ல கூட 'உக்காரு'ன்னு சொல்லல சார். போன வாரம் பொண்டாட்டிய இட்டுக்கினு குடகுக்குக் காப்பித் தோட்டத்துக்குப் போய்ட்டாரு. இனிமே வர மாட்டாராம்."

பிறகு சட்டைப் பையிலிருந்து அந்தப் பாதித் தாளை எடுத்தான்.

"'சாரோட பொருளு, சாரு கிட்டயே குடுத்துடு'ன்னாரு."

வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனான். அதன் அர்த்தத்தை எனக்கு முன்பே சொன்னவன் அவன்தானே.

அந்த ஆண்டும் மலைக் கிளை இலாபம். வாராது என்றிருந்த கடனெல்லாம் வட்டியோடு வந்துவிட்டதே! ஒரே கடனில் வங்கி இரண்டு முறை இலாபம் கண்டது. ஒருமுறை என் பொய்யால், ஒருமுறை அவர் மெய்யால். எனக்கு வேலூருக்குப் பதவி உயர்வு வந்தது.

அந்தப் பணத்தை நான் அவருக்குத் திருப்பித் தந்திருக்க முடியாதா? முடியும். மரங்களை மண்டிக்காரரிடமிருந்து மீட்டிருக்க முடியாதா? கொஞ்சம் கொஞ்சமாக முடியும். குடகில் எந்தத் தோட்டம் என்று முனுசாமியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் போக வேண்டியிருக்கும். அவர் முன்னால் நிற்க வேண்டியிருக்கும். அவர் மறுபடியும் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டால்...?

பாதித் தாள் என் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் இருக்கிறது. எறிய முடியவில்லை, எறிந்தால் தீர்ந்துவிடுமா? ஒவ்வொரு முறை கணக்குப் பார்க்கக் கண்ணாடியை எடுக்கும்போதும் விரலில் படுகிறது. புகை வாசனை இன்னும் போகவில்லை.

அலுவலகத்திலிருந்து வந்து வகுப்புக்கான குறிப்பை எழுத உட்கார்ந்தேன். டெபாசிட். நிர்வாகச் செலவு. வட்டி விகிதம். மழையும் விளைச்சலும். சந்தை விலை. கடன் வசூல். இவ்வளவும் சரி. இவற்றில் எதையும் யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கிளை இவற்றில் எதனால் இலாபம் கண்டது? ஒன்றாலும் இல்லை. வெள்ளையன் என்ற மனிதர், கொடுத்த வாக்குக்குத் தானே பொறுப்பு என்று நினைத்ததால் கண்டது. இந்தக் காரணிக்கு என்ன பெயர் வைப்பது? எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது?

கடைசி வரியை எழுதாமல் விட்டுவிட்டு, அதற்குப் பதிலாக இதை எழுதினேன். எழுதினால் பாரம் குறையும் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். குறையவில்லை.

1986 ஜனவரி 1, புதன்கிழமை. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகப் பழைய காலண்டரை ஆணியிலிருந்து இறக்கினேன். அட்டையில் ஒரே ஒரு தாள் மிச்சமிருந்தது. அதைக் கிழித்தேன். கூட்டிலிருந்து கண்ணாடியை எடுத்தபோது பாதித் தாளும் கூடவே வந்தது. உள்ளே தள்ளி மூடினேன். கிழித்த தாளைத் திருப்பிப் போட்டு, வகுப்புக்கான குறிப்பை அதன் பின்பக்கத்தில் வரிசையாக, தெளிவாக நகலெடுத்தேன். கடைசி வரியில் 'ஆவணங்களை உரிய காலத்தில் புதுப்பித்தல்' என்று எழுதினேன். சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன்.